சிவப்பு மையும் ஒரு பேய்க்கதைக்காரரின் கடிதங்களும்



கட்டுரை திருத்துவது எப்படி, மாணவர்க்குச் சொல்வளம் ஊட்டுவது எப்படி என்றெல்லாம் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இன்று நான் தவறாகத் திருத்திய ஒரு கட்டுரையைப் பற்றி எழுதப் போகிறேன். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், பிறர் பிழையைச் சுட்டியே ஊதியம் வாங்கும் தொழிலில் இருக்கும் நான் என் பிழையை மட்டும் மறைத்து வைப்பது முறையன்று.

அது 2009-ஆம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'மறக்க முடியாத இரவு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். வந்த கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பிறந்தநாள் விருந்து, தீபாவளிக்கு முதல்நாள், மின்சாரம் தடைப்பட்ட இரவு. எல்லாவற்றிலும் கதிரவன் மேற்கே மறைந்தான். எல்லாவற்றிலும் தென்றல் தவழ்ந்து வந்தது. குறை சொல்வதற்கில்லை. அந்த வரிகளை மனப்பாடம் செய்யச் சொன்னவளே நான்தான். மறு ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு காத்திருந்தது.

ஒரு கட்டுரை மட்டும் வேறுபட்டிருந்தது. எழுதியவன் செம்பனைத் தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் மாணவன். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தான். தோட்டத்தில் பாழடைந்து கிடக்கும் பழைய ஆயாக் கொட்டகையில், விடியற்காலை நான்கு மணிக்கு, பெரட்டுக்கு மணி அடிக்கும் அந்த வேளையில், கம்பத்தில் கட்டிய சேலைத் தொட்டில்கள் தாமாக ஆடுகின்றன. அழுகுரல் கேட்பதில்லை, தாலாட்டு மட்டும் கேட்கிறது. பால்மரம் வெட்டப் போன தாய் ஒருத்தி திரும்பி வந்து தன் பிள்ளையைத் தேடுகிறாள். எந்தத் தொட்டிலில் விட்டுப் போனோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. ஆகையால் எல்லாத் தொட்டில்களையும் ஆட்டுகிறாள்.

எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. ஒற்று மிகும் இடத்தில் மிகவில்லை. லகர ளகரங்கள் இடம் மாறியிருந்தன. இருபத்திரண்டு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். கீழே, 'பேய், பிசாசு பற்றி எழுதக் கூடாது. நன்னெறிக் கருத்துடன் மீண்டும் எழுதி வா' என்று குறிப்பு எழுதினேன். மறுநாள் எழுதி வந்தான். பிறந்தநாள் விருந்து, கதிரவன் மறைந்தான், தென்றல் தவழ்ந்தது. 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அதன் பின் அவன் எழுதியவை யாவும் 'மிக நன்று' வகைக் கட்டுரைகளே. தேர்விலும் நல்ல தேர்ச்சி பெற்றான். ஆனால், அவனுடைய எழுத்து என்று சொல்லத்தக்க ஒரு வரியை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

ஆறாம் ஆண்டில் பெற்றோர் சந்திப்பு நாளன்று அவனுடைய தாயார் வந்தார். பேச்சினிடையே, "எங்க மாமியார் அந்தக் காலத்துல கொட்டகையில ஆயாவா இருந்தவங்க டீச்சர். இவன் அவங்க மடியிலேயே வளர்ந்தவன். அவங்க போனதுல இருந்து ரொம்ப அமைதியாயிட்டான்" என்றார். "எப்போது தவறினார்?" என்று கேட்டேன். கட்டுரை எழுதிய அதே மாதம். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை.

இந்தப் பழைய கணக்கை மீண்டும் திறக்க வைத்தவர் நம் இனத்தவரோ நம் நாட்டவரோ அல்லர். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் வாழ்ந்து மறைந்த எச். பி. லவ்கிராஃப்ட் என்னும் பேய்க்கதை எழுத்தாளர். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, கல்லூரியில் பயிலும் என் மகள் வீட்டிற்கு வந்திருந்தாள். அவள் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்த நூலின் அட்டையைப் பார்த்து, "இந்தப் பேய்க்கதையை விட்டால் படிக்க உனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா?" என்று கடிந்துகொண்டேன். அவள் சிரித்துவிட்டு, "கதையைப் படிக்க வேண்டாம் அம்மா. இவர் மாணவர்களுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பாருங்கள்" என்றாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படித்தேன். பிறகு அவர் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன்.

லவ்கிராஃப்ட் 1890-இல் பிறந்தவர். மூன்று வயதை எட்டும் முன்பே தந்தை மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1898-இல் அங்கேயே இறந்தார். பிள்ளைக்குப் பேய்க்கதை சொல்லி வளர்த்தவர் தாய்வழித் தாத்தா. அவரும் 1904-இல் மறைந்தார். அத்தோடு குடும்பத்தின் செல்வமும் வீடும் போயின. 1908-இல் நரம்புத் தளர்ச்சியால் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலேயே நின்றுவிட்டார். அதன் பின் ஐந்து ஆண்டுகள் அவர் ஏறக்குறைய வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சிறுவயது முதல் எழுதி வந்த கதைகளையும் நிறுத்திவிட்டார். இப்படி ஒரு பிள்ளை நம் தெருவில் இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'உருப்படாதவன்' என்ற ஒரு சொல்லில் கணக்கை முடித்திருப்போம்.

அவரை மீட்டது ஒரு சிறு சங்கம். 1913-இல் ஒரு கதை இதழின் வாசகர் கடிதப் பகுதியில், அதில் வந்த காதல் கதைகளைச் சாடி அவர் எழுதினார். பதிலுக்குப் பலர் அவரைச் சாடினர். வாதம் செய்யுள் வடிவில்கூட நடந்தது. அதைக் கவனித்த ஒருவர், ஐக்கியத் தன்னார்வ இதழாளர் சங்கத்தில் சேருமாறு அவரை அழைத்தார். 1914-இல் சேர்ந்தார். ஊதியம் கருதாமல் ஆசைக்காக எழுதுபவர்கள் தத்தம் சிற்றேட்டைத் தாமே அச்சிட்டு ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் அமைப்பு அது. கடைக்கு விற்பனைக்குப் போவதில்லை. படிப்பவர் எல்லாரும் எழுதுபவர். எழுதுபவர் எல்லாரும் படிப்பவர். லவ்கிராஃப்ட் 'தி கன்சர்வேட்டிவ்' என்ற ஏட்டை 1915 முதல் 1923 வரை நடத்தினார். சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

இதில் ஒரு செய்தி என்னைப் புன்னகைக்க வைத்தது. அச்சங்கத்தில் உறுப்பினர்களின் ஏடுகளைப் படித்து விமர்சனம் எழுத ஒரு பிரிவு இருந்தது. அதன் பொறுப்பாளராகவும் லவ்கிராஃப்ட் இருந்தார். தொடக்கத்தில் அவர் இலக்கணத்திலும் யாப்பிலும் மிகக் கறாரானவர். பிறர் வரிகளில் பிழை பொறுக்குவதில் வல்லவர். அதாவது, அவரும் முதலில் நம்மைப் போல் ஒரு சிவப்பு மைக்காரரே!

அவருக்குள் உறங்கிய கதைக்காரரை எழுப்பியவர், அச்சங்கத்தைச் சேர்ந்த டபிள்யூ. பால் குக் என்ற அச்சுத் தொழில் அறிந்த நண்பர். லவ்கிராஃப்ட் தம் பதின்ம வயதில் எழுதிய கதையொன்று 1916-இல் சங்க ஏட்டில் வெளியாயிற்று. குக் அதில் குறை தேடவில்லை. 'நீ கதை எழுத வேண்டியவன். மறுபடி எழுது' என்ற கருத்தில் விடாமல் ஊக்கினார். 1917-இல், ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், லவ்கிராஃப்ட் 'தி டூம்', 'டேகன்' என்ற இரு கதைகளை எழுதினார். கடலடியிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் மனித அறிவுக்கு எட்டாத பழம்பெரும் உயிர்கள் எழுந்து வரும் விந்தைக் கதைகள் அவர் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படுகின்றன. அவற்றின் தொடக்கம் இந்த ஒரு நண்பரின் ஊக்கமே.

எழுத்து அவருக்குச் சோறு போட்டதா என்றால், இல்லை. 1923-இல் 'வியர்டு டேல்ஸ்' என்ற மாத இதழ் தொடங்கிற்று. மலிவான காகிதத்தில் அச்சாகும் பேய்க்கதை இதழ் அது. அவருடைய கதைகள் பெரும்பாலும் அதில்தான் வந்தன. இன்று அவருடைய புகழ்பெற்ற கதையாகக் கருதப்படும் 'தி கால் ஆஃப் கதுலு' 1926-இல் எழுதப்பட்டது. அதே இதழின் ஆசிரியர் முதலில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். டானால்ட் வாண்ட்ரெய் என்ற பத்தொன்பது வயது இளைஞர், லவ்கிராஃப்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர், 1927-இல் சிக்காகோவிலிருந்த இதழ் அலுவலகத்திற்கே போய் அக்கதைக்காக வாதாடினார். 1928 பிப்ரவரியில் கதை வெளிவந்தது. கிடைத்த ஊதியம் 165 டாலர்.

பிழைப்புக்கு அவர் செய்த முதன்மையான வேலை பிறர் எழுத்தைத் திருத்திக் கொடுப்பது. சில வேளைகளில் திருத்தம் என்ற பெயரில் கதை முழுவதையும் அவரே எழுதிக் கொடுத்தார். அச்சில் பெயர் வேறொருவருடையது. 1924-இல் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஹூடினிக்காக அப்படி ஒரு கதை எழுதினார். அதன் தட்டச்சுப் படியைத் தம் திருமணத்திற்குப் புறப்பட்ட நாளில் புகைவண்டி நிலையத்தில் தொலைத்துவிட்டார். நல்லவேளை, கையெழுத்துப் படி கையில் இருந்தது. தேனிலவின்போது பிலடெல்பியாவில் அமர்ந்து மீண்டும் தட்டச்சு செய்து கொடுத்தார் என்பதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. மனைவி சோனியா கிரீனைச் சந்தித்ததும் 1921-இல் பாஸ்டனில் நடந்த தன்னார்வ இதழாளர் மாநாட்டில்தான். அந்த இல்லறம் நீடிக்கவில்லை. 1926-இல் நியூயார்க்கிலிருந்து பிராவிடென்சுக்கே திரும்பி, இறுதிவரை எளிமையாக வாழ்ந்தார். காகிதம் வாங்குவதிலும் சிக்கனம். வந்த கடிதங்களின் பின்புறத்தில் கதைப் படிகளை எழுதினார்.

ஆனால், கடிதம் எழுதுவதில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்கவில்லை. வாழ்நாளில் எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். சில கடிதங்கள் ஐம்பது பக்கத்தையும் தாண்டும். கலிபோர்னியாவில் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், டெக்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ராபர்ட் இ. ஹோவர்டு எனத் திக்குக்கு ஒருவராக இருந்த எழுத்தாளர்களை அஞ்சல்தலைதான் ஒரு குடும்பமாக இணைத்தது. ஒருவர் கதையின் படி கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் போய் வரும். ஒருவர் கற்பித்த பூதத்தை மற்றவர் தம் கதையில் உரிமையோடு எடுத்துக்கொள்வார். ஹோவர்டும் லவ்கிராஃப்டும் ஆறு ஆண்டுகள் எழுதிக்கொண்டனர். ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது இனிச் சொல்லப்போவதுதான். அந்தக் குடும்பத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். ஆகஸ்ட் டெர்லெத் 1926-இல் கடிதத் தொடர்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. ராபர்ட் பிளாக் 1933-இல் மில்வாக்கி நகரிலிருந்து எழுதியபோது வயது 16. ஆர். எச். பார்லோ 1931-இல் எழுதியபோது வயது 13! அந்தச் சிறுவன் தன் வயதைச் சொல்லவே இல்லை. 1934-இல் அழைப்பை ஏற்று புளோரிடாவிற்குப் போய் இறங்கியபோதுதான் இத்தனை நாள் கடிதம் எழுதியவன் ஒரு பையன் என்பதே லவ்கிராஃப்டுக்குத் தெரிந்தது. தெரிந்த பின் அவர் திரும்பி ஓடவில்லை. ஏழு வாரங்கள் அங்கே தங்கினார்.

பிளாக் முதலில் கேட்டது, கிடைக்காத பழைய கதைகளை எங்கே படிக்கலாம் என்பதுதான். லவ்கிராஃப்ட் தம்மிடமிருந்தவற்றை இரவல் அனுப்பினார். சில கடிதங்கள் போய் வந்த பின், நீயும் எழுதிப் பார்க்கலாமே என்று தூண்டினார். பையன் எழுதி அனுப்பியவற்றைப் பொறுமையாகப் படித்துப் பதில் எழுதினார். அடுத்த ஆண்டே, 17 வயதில், பிளாக்கின் கதையை 'வியர்டு டேல்ஸ்' விலைக்கு வாங்கியது. பிறகு அவர் ஒரு கதையில் லவ்கிராஃப்டை ஒத்த ஒரு பாத்திரத்தைப் படைத்துக் கொன்றுவிட விரும்பி அனுமதி கேட்டார். லவ்கிராஃப்ட், தம்மைக் கொல்லலாம் என்று வேடிக்கையாக ஓர் அனுமதிப் பத்திரமே எழுதிக் கொடுத்தார்! அக்கதை 1935-இல் வெளிவந்தது. பதிலுக்கு அவர் 'தி ஹான்ட்டர் ஆஃப் தி டார்க்' என்ற கதையில் ராபர்ட் பிளேக் என்ற இளைஞனைச் சாகடித்தார். நாற்பத்தைந்து வயதுக்காரரும் பதினெட்டு வயதுப் பிள்ளையும் ஆடிய விளையாட்டு அது. அந்தப் பிள்ளை 1959-இல் 'சைக்கோ' என்ற நாவலை எழுதினார். அடுத்த ஆண்டில் ஹிட்ச்காக் அதைத் திரைப்படமாக்கினார்.

பதினாறு வயதுப் பிள்ளையின் பேய்க்கதைக்கு அவர் பதில் எழுதினார். பதினொரு வயதுப் பிள்ளையின் பேய்க்கதைக்கு நான் என்ன எழுதினேன்? 'எழுதக் கூடாது' என்று எழுதினேன்.

லவ்கிராஃப்டைப் புனிதராக்கிக் காட்ட நான் வரவில்லை. அவருடைய கடிதங்களிலும் சில கதைகளிலும் கறுப்பின மக்கள், குடியேறிகள், வெள்ளையர் அல்லாதோர் மீது கடும் வெறுப்பு வெளிப்படுகிறது. படிக்கும்போது பல இடங்களில் நூலை மூடி வைத்துவிட்டேன். என் நிறத்துக்காரி ஒருத்தி அவர் தெருவில் நடந்திருந்தால் அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. உலக மிகைபுனைவு விருதாக 1975 முதல் அவருடைய தலையுருவச் சிலையே வழங்கப்பட்டு வந்தது. 2011-இல் அவ்விருதைப் பெற்ற நைஜீரிய வழிவந்த எழுத்தாளர் நெடி ஓகோராஃபோர், அந்த முகம் தமக்குத் தரும் சங்கடத்தை வெளிப்படையாக எழுதினார். 2015-இல் அச்சிலையைக் கைவிடுவதாக அறிவித்தனர். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடிதத்தில் அத்தனை கனிவு காட்டத் தெரிந்தவருக்கு, தம் தெருவில் நடந்துபோன அயலாரிடம் அதைக் காட்டத் தெரியவில்லை. அதிலும் நமக்குப் பாடம் உண்டு. பிடித்த மாணவனிடம் மட்டும் கனிவு காட்டும் ஆசிரியர் நம்மிடையே இல்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறரை அத்தனை ஊக்கிய அவர், தமக்கு வந்த மறுப்பைத் தாங்க முடியாதவர். 1931-இல் எழுதிய 'அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' என்ற நெடுங்கதையை 'வியர்டு டேல்ஸ்' மறுத்துவிட்டது. பிறகு 1936-இல் வேறோர் இதழில் அது வந்தது உண்மை. ஆனால், தம் கதையெழுத்து முடிந்துபோனதற்கு அந்த மறுப்பே பெருங்காரணம் என்ற பொருளில் அவர் பின்னாளில் எழுதினார். நாற்பது வயதைக் கடந்தவரையே ஒரு மறுப்பு இப்படி முடக்குமானால், பதினொரு வயதுப் பிள்ளையை என்ன செய்யும்?

1937 மார்ச் 15-ஆம் நாள், 46-ஆம் வயதில், குடல் புற்றுநோயால் லவ்கிராஃப்ட் இறந்தார். வாழ்நாளில் நூலாக வந்த அவருடைய கதை ஒன்றே ஒன்று. 1936-இல் நண்பர் ஒருவர் அச்சிட்ட 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்' அது. பிழை மலிந்த அச்சு. கட்டு கட்டப்பட்ட படிகள் ஏறக்குறைய இருநூறுதான். அத்தோடு அவர் பெயர் மறைந்திருக்க வேண்டும். மறையாமல் காத்தவர்கள் யார்? அந்தக் கடிதப் பிள்ளைகள்! பார்லோ கையெழுத்துப் படிகளைத் திரட்டி பிரௌன் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். டெர்லெத்தும் வாண்ட்ரெய்யும் கதைத் தொகுப்பைப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவை மறுத்ததும், 1939-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பதிப்பகத்தைத் தாமே தொடங்கி நூலை வெளியிட்டனர். அச்சிட்டவை 1,268 படிகள். விற்று முடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. 2005-இல் அமெரிக்கச் செவ்விலக்கியங்களைப் பதிப்பிக்கும் 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' வரிசையிலும் அவர் இடம்பெற்றுவிட்டார்.

பெற்றோர் சிலர் இந்நேரம் நெற்றியைச் சுருக்கியிருப்பீர்கள். 'ஏன் டீச்சர், பிள்ளைகளைப் பேய்க்கதை எழுதச் சொல்கிறீர்களா? இரவில் பயந்து அழுதால் யார் பார்ப்பது?' நியாயமான கேள்வி. லவ்கிராஃப்டின் கதைகளைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, கொடுக்கவும் கூடாது. பெரியவர்கள் எழுதிய திகிலைப் பிள்ளை படிப்பது வேறு. பிள்ளை தன் அச்சத்தைத் தானே எழுதுவது வேறு. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருட்டில் இருப்பது என்னவென்று எழுதிப் பார்க்கும் பிள்ளை அந்த இருட்டை அளந்து பார்க்கிறது. அதைத் தடுத்துவிட்டால் அச்சம் போய்விடாது. தாளில் இருந்தது மீண்டும் மனத்திற்குள் போய்விடும். என் மாணவனின் தொட்டில் கதையில் இருந்தது பேயா? பாட்டியை இழந்த பிள்ளையின் துயரம் அது. அவன் தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் அழுதிருக்கிறான். நான் ஒற்றுப் பிழைக்கு வட்டம் போட்டிருக்கிறேன்.

ஆசிரியர்கள் சிலர், 'தேர்வுக்கு உதவுமா?' என்று கேட்கலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பெயரைச் சொல்லி மாதிரிக் கட்டுரைக்குள் ஒளிந்துகொள்ளும் வழி நமக்கு இனி இல்லை. வகுப்புசார் மதிப்பீட்டில், பிள்ளையின் சொந்த எழுத்துக்கு இடம் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம்.

கட்டுப்பாடு தளர்ந்து பள்ளி திறந்த பின் என் வகுப்பில் மூன்று சிறு மாற்றங்கள் செய்தேன். பெரிய திட்டமொன்றுமில்லை.

முதலாவது, மாதம் ஒரு கையெழுத்து ஏடு. அதற்குத் தலைப்பை நான் கொடுப்பதில்லை, மதிப்பெண்ணும் இடுவதில்லை. பிள்ளைகள் எழுதியதை நகலெடுத்துத் தைத்து வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். படித்தவர் ஒவ்வொருவரும் எழுதியவருக்கு இரண்டு வரி எழுத வேண்டும்.

இரண்டாவது, தொடர்கதை. 1935-இல் லவ்கிராஃப்ட், ஹோவர்டு உள்ளிட்ட ஐந்து எழுத்தாளர்கள் ஆளுக்கொரு பகுதியாக 'தி சேலஞ்ச் ஃப்ரம் பியாண்ட்' என்ற ஒரே கதையை எழுதினர். அதே முறையில் ஐவர் குழு ஒரு கதை எழுதும். தமக்கு முன் எழுதியவரின் கதையை ஊன்றிப் படிக்காமல் தம் பகுதியை எழுத முடியாது. வாசிப்புப் பயிற்சியும் அதிலேயே நடந்துவிடுகிறது.

மூன்றாவது, திருத்தும் முறை. இப்போதும் பிழை திருத்துகிறேன்; அதை விட்டால் நான் தமிழாசிரியை அல்லள். ஆனால், சிவப்பு மையைத் தொடுமுன் பென்சிலால் கட்டுரையின் கீழே ஒரு கேள்வி எழுதுகிறேன். 'அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது?' 'அந்த நாய் பிறகு என்ன ஆயிற்று?' என்பது போல. கேள்வி கேட்டால், பிழை திருத்துபவர் மட்டுமன்றி கதையைப் படித்தவரும் ஒருவர் இருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. மெதுவாக எழுதும் ஒரு மாணவி, என் கேள்விக்கு விடையாகவே ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

இவ்வளவும் செய்த பின்னும் அந்தப் பழைய கணக்கு தீரவில்லை. வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்குச் செய்தது அவனுக்குச் செய்ததாகாது அல்லவா? சென்ற ஆண்டு, பழைய மாணவி ஒருத்தியின் திருமணத்தில் அவனைப் பார்த்தேன். ஜொகூரில் குளிரூட்டி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். "உன் தொட்டில் கதை ஞாபகம் இருக்கிறது" என்றேன். அவன் முகம் மாறிற்று. "அது போகட்டும் டீச்சர், சின்னப் பிள்ளையில எழுதினது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான்.

அன்றிரவு வீட்டிற்கு வந்து அவனுக்குக் கடிதம் எழுதினேன். புலனத்தில் அனுப்பும் நான்கு வரியன்று. தாளில், நான்கு பக்கம். அந்தக் கதையில் எனக்கு நினைவிருந்தவற்றையெல்லாம் எழுதினேன். எல்லாத் தொட்டில்களையும் அந்தத் தாய் ஆட்டுகிறாள் என்ற இடத்தை நான் மறக்கவில்லை என்று எழுதினேன். பாட்டி இறந்த செய்தியை அறிந்தும் அவனிடம் பேசாமல் இருந்தது என் பிழை என்று எழுதினேன். பொய்யாகப் புகழவும் இல்லை. கதை முடியாமல் சட்டென்று நின்றுவிட்டது போல் இருந்ததையும் எழுதினேன். முகவரி கேட்டு வாங்கி அனுப்பினேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது. "நீங்க சொன்னது சரிதான் டீச்சர். அது முடிவு இல்ல. பாட்டி சொன்ன முடிவு வேற. இரண்டரைப் பக்கத்துக்கு மேல எழுதக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அதனால நிறுத்திட்டேன்."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

"இப்போது எழுது. எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். ஓய்வு நாளில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் அவனைக் காக்க வைத்தவள், சில மாதங்கள் காத்திருக்க மாட்டேனா?

தோழமைகளே, நாளைக்கு நீங்கள் திருத்தப் போகும் கட்டுரைக் கட்டில் எங்கேனும் ஒரு பேய் நடந்து வந்தால், பேனாவைச் சற்று மூடி வையுங்கள். முதலில் கதையை முழுமையாகப் படியுங்கள். அது யாரைத் தேடி வந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது.